தேவராஜ் கூரை ஏறமாட்டார்

இனி இந்த ஜென்மத்தில் கூரை மேல் கால் வைப்பதில்லை என்று தேவராஜ் சித்திரை மாதமே சபதம் எடுத்துவிட்டார். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்யலாம் என்றுதான் நினைத்தார். குலதெய்வத்துக்கும் ஓட்டுக் கூரைதான் என்பது ஞாபகம் வந்ததால், வெறும் சபதத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து ஊர் அவருடையது. பலாமரம் உள்ள வீட்டுக்கெல்லாம் குரங்கு உண்டு. குரங்கு உள்ள வீட்டுக்கெல்லாம் ஒழுகல் உண்டு. மரத்திலிருந்து கூரைக்கு அது ஒரு தாவு தாவினால் ஓடு நகரும். ஜோடியாகத் தாவினால் உடையும். அதனால் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வீட்டு ஆம்பிளை மேலே ஏறி ஓடு மாற்றியாக வேண்டும். தேவராஜின் அப்பா கோபால்சாமி உயிரோடு இருந்தவரை அதை ஒரு திருவிழா மாதிரி செய்தார். அவர் போனபின் திருவிழா மகன் தலையில் விழுந்தது.

போன வருஷத் திருவிழாவில்தான் அந்தச் சம்பவம். ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை மேல் வைக்க வேண்டிய காலை தேவராஜ் ஓட்டின் மேல் வைத்துவிட்டார். மடக்கென்று ஒரு சத்தம். இடுப்புக்கு மேலே இருந்த தேவராஜ் மலையையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே இருந்த தேவராஜ், வேட்டியை ஓட்டோடு விட்டுவிட்டு, அடுப்படியில் கொதிக்கும் குழம்புக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ரஞ்சிதம் பதறவில்லை. முதலில் குழம்பை நகர்த்தினாள். பிறகு கால்களைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாங்க, அடிபட்டுச்சா?"

கால்கள் ஆடின.

"ஆமான்னு ஆட்றீங்களா, இல்லன்னு ஆட்றீங்களா?"

பக்கத்து வீட்டு மங்கம்மாள் வெளியே நின்று மேல்பாதியைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிவந்து கீழ்ப்பாதியையும் பார்த்துவிட்டுப் போனாள். ஊரில் வேறு யாருக்கும் இரண்டு பக்கமும் பார்க்கக் கிடைக்கவில்லை என்பதில் அவளுக்கு இன்று வரைக்கும் பெருமை.

இந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஆனி மாதமே ஒழுகல் ஆரம்பித்துவிட்டது. அதுவும் அடுப்படிப் பரணுக்கு நேர் மேலே. பரணில்தான் ரஞ்சிதம் வருஷம் முழுவதுக்கும் கொட்டை எடுத்து, உப்பு போட்டு, பானையில் அமுக்கி வைத்த புளி இருந்தது. புளியில் ஈரம் பட்டால் புழு வைக்கும். புளி கெட்டால் ஒரு வருஷத்துக் குழம்பு கெடும். குழம்பு கெட்டால் குடும்பம் என்ன ஆகும் என்று ரஞ்சிதம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தேவராஜ் ட்ரோன் வாங்கினார்.

அது அவர் ரத்தத்திலேயே ஊறிய விஷயம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இத்தனை காலம் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். பெல்ட்டில் வரும் பொருளை உற்றுப் பார்ப்பார். குறை இருந்தால் சிவப்பு மார்க் போடுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. சரி செய்வது வேறு டிபார்ட்மெண்ட்.

பெட்டியைப் பிரித்தபோது ரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். "இன்னாது இது, தும்பி மாதிரி கீது?"

"ட்ரோன். பெரிய ஊர்ல எல்லாம் வூட்டுக் கூரைய இப்ப இதால தான் பாக்கறாங்க. பழைய வூடு, புது வூடு எல்லாத்துக்கும். மனுஷன் ஏறவே வேணாம்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு இன்னா? எந்த ஓடு ஒடைஞ்சிருக்குதுன்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிட்டு?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

"இந்த வூட்டுல இருக்கறதே ஒரு டிபார்ட்மெண்ட்தாங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். விலை என்ன என்று அவள் கேட்கவில்லை. அவரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கமுள்ளவர் இல்லை.

முதல் பரிசோதனை மங்கம்மாள் வீட்டில் நடந்தது. அது போன தையில் பால் காய்ச்சிய, கான்கிரீட் தளம் போட்ட புது மெத்தை வீடு. ட்ரோன் ரீங்காரம் போட்டு எழும்பியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குட்டை மாதிரி மழைநீர் தேங்கியிருந்ததும், கைப்பிடிச் சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று துளிர் விட்டிருந்ததும் போன் திரையில் பளிச்சென்று தெரிந்தன. தேவராஜ் பழைய ஞாபகத்தில் திரையின் மேல் விரலாலேயே மார்க் போட்டார்.

மங்கம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "அட, கொரங்கு தூக்கினு போன என் எண்ணெக் கிண்ணம் அங்க கீது! இன்னா அழகா தெரியுது தம்பி!"

"பாத்தியாக்கா? புது வூடுன்னு நம்பினு இருந்தா இன்னாத்துக்கு ஆவறது? தொழில்நுட்பம் வேணும்."

"அது சரி. எங்க வூட்டுக்குப் படி இருக்குதே. ஏறிப் போய்ப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும் இல்ல?"

தேவராஜ் ட்ரோனைக் கீழே இறக்கினார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்தது சொந்த வீடு. இங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. ட்ரோனைப் பலாமரத்துக்கும் மேலே, பருந்து சுற்றும் உயரத்துக்கு ஏற்றினார். அங்கிருந்து படம் பிடித்து, திண்டில் சாய்ந்து உட்கார்ந்து ரஞ்சிதத்திடம் காட்டினார். பச்சை மலைக்கு நடுவில் செக்கச்செவேல் என்று ஒரு கூரை. ஒரு குறை இல்லை. உயரத்திலிருந்து பார்த்தால் உலகத்தில் எந்த வீடும் ஒழுகுவதில்லை.

"எவ்ளோ நல்லா கீது பாரு."

"நல்லாத்தான் கீது. கீழ புளிப்பானையில மட்டும் சொட்டுது."

"அது ஒழுகல் இல்ல ரஞ்சிதம். மலைக் காத்துல ஈரப்பதம் அதிகம்."

"கொஞ்சம் எறக்கிக் காட்டுங்களேன்."

"எறக்கினா பேட்டரி தாங்காது."

ரஞ்சிதம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். குழம்புக்கு உப்பு போதுமா என்று பார்க்கும் பார்வை அது. பிறகு சாதுவாகச் சொன்னாள். "சரிங்க. நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

தேவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊரறிய ஒரு நாள் பறக்க விடறேன். ஒடைஞ்ச ஓடு கண்ணுக்குத் தெரிஞ்சா நான் ஏறுறேன். தெரியலன்னா ஏறமாட்டேன். நீயும் அதுக்கப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

"வேற எதுக்காச்சும் ஏறிட்டீங்கன்னா?"

"எதுக்கு ஏறப்போறேன்?"

"பேச்சுக்குக் கேக்கறேன்."

"எதுக்காக ஏறினாலும் சரி, ஏறினா மொத்த ஓட்டையும் மாத்திட்டுத்தான் எறங்குவேன். எங்கப்பா கோபால்சாமி மேல சத்தியம். போதுமா?"

"போதுங்க," என்றாள் ரஞ்சிதம். "ஆடி அமாவாசை வருது. நல்ல நாளு. அன்னிக்கே விடுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் இறங்கி வந்தது கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் முதல் தடவை. தேவராஜுக்கு அன்று இரண்டு களி உருண்டை கூடுதலாக இறங்கியது.

அதற்குப் பிறகு ரஞ்சிதத்துக்குத் திடீரென்று பக்தி வந்தது. அமாவாசைக்கு அமாவாசை மதில் மேல் காக்காய்க்குச் சோறு வைக்கிறவள், இப்போது தினமும் காலையில் சோற்றை உருண்டை பிடித்து, பின்பக்கத் தாழ்வாரத்திலிருந்து கூரை மேல் எறிய ஆரம்பித்தாள். "மாமா ஞாபகமாவே கீதுங்க," என்றாள். அப்பாவின் மேல் மருமகளுக்கு இருந்த பாசத்தை நினைத்து தேவராஜுக்குக் கண் கலங்கியது.

பின்பக்கம் சாக்குப் போட்டு மூடிய ஒரு குவியலும் முளைத்தது.

"இன்னா அது?"

"கோழி அடைக்கு உக்காந்துகினு கீது. கிட்டப் போவாதீங்க, கொத்தும்."

இன்ஸ்பெக்ஷன் பிரிவில் ஆயுளைக் கழித்தவர் அந்தச் சாக்கைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஆடி அமாவாசை அன்று வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தேவராஜ் வெள்ளை வேட்டியில் வந்தார். ட்ரோனைப் பலகை மேல் வைத்துக் கற்பூரம் காட்டினார். ரஞ்சிதம் பயபக்தியோடு முன்னால் வந்து, அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, பெரியதாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். ட்ரோனுக்கு நெற்றி என்று எதுவும் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது கேமரா.

மேலே ஏற்றியபிறகுதான் தேவராஜுக்கு விஷயம் தெரிந்தது. திரை முழுக்க ஒரே சிவப்பு. ஓரத்தில் மட்டும் விரல்கடை அளவு உலகம் தெரிந்தது. சட்டென்று கீழே இறக்கி, துண்டை எடுத்துத் துடைக்கப் போனார்.

"ஐயய்யோ! அமாவாசை அன்னிக்குப் பொட்டை அழிக்கறாரே!" என்று மங்கம்மாள் கத்தினாள். கூட்டமே கத்தியது. குலதெய்வமே வந்து கத்தியது மாதிரி இருந்தது. தேவராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரியலன்னா கிட்ட எறக்கிப் பாருங்களேன்," என்றாள் ரஞ்சிதம், யாருக்கோ சொல்வது போல.

வேறு வழியில்லை. ட்ரோனைக் கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கு இறக்கினார். அதே நேரத்தில் பின்பக்கமிருந்து "கா... கா..." என்று ரஞ்சிதத்தின் குரல் கேட்டது. அன்று வெறும் சோறு இல்லை. வடை.

தினமும் அந்த நேரத்துக்கு அந்தக் கூரைக்கே வந்து பழகிய காக்கைகள் பலாமரத்திலிருந்து கருமேகம் மாதிரி இறங்கின. தங்கள் பந்தியில், தங்கள் இலைக்கு மேலே, கூப்பிடாத விருந்தாளி ஒன்று நெற்றியில் பொட்டோடு ரீங்காரம் போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டன. வயதான காக்கை ஒன்று மரியாதையாக ஒரு முறை கத்திப் பார்த்தது. பிறகு ஒரே தட்டு.

ட்ரோன் குட்டிக்கரணம் போட்டது. முகட்டு ஓட்டில் மோதி, உருண்டு, அடுப்படிக்கு மேலே மல்லாந்து கிடந்து சிறகடித்தது. அதன் வயிற்றின் மேல் அந்த வயதான காக்கை ஏறி உட்கார்ந்து வடையைத் தின்றது.

"என் ட்ரோன்!" என்றார் தேவராஜ்.

மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் அத்தனையும் வீண். விலை அவர் கண்முன் வந்து நின்றது. ரஞ்சிதத்துக்குச் சொல்லாத அந்த விலை.

"ஏணி! ஏணி எங்க?"

ஏணி சுவரில் சாத்தித் தயாராக இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். பல்லி மாதிரி ஓட்டோடு ஒட்டி ஊர்ந்தார். ரீப்பர் பார்த்துக் கால் வைத்தார். காக்கை அவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, மிச்ச வடையோடு பறந்துபோனது. ட்ரோனைக் கையில் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டபோது அவருக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷம்.

திரும்பிப் பார்த்தார். ஏணியைக் காணோம்.

"ரஞ்சிதம்! ஏணி?"

"மங்கம்மாக்கா கிண்ணம் எடுக்கக் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"அவங்க வூட்டுக்குத்தான் படி இருக்குதே!"

"எனக்கு முட்டி வலி தம்பி," என்றாள் மங்கம்மாள், ஏணியின் மேல் உட்கார்ந்தபடி.

ரஞ்சிதம் பின்பக்கம் போய்ச் சாக்கை எடுத்தாள். கோழி இல்லை. சந்தவாசல் ஊரில் அவள் அண்ணன் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த ஓடு, கழுவித் துடைத்து அடுக்கி வைத்திருந்தது. ஒரு கூடையில் நிரப்பி, கயிற்றைச் சுருட்டி மேலே எறிந்தாள்.

"புடிங்க. சொன்ன சொல்லு ஞாபகம் கீதா?"

"இது நியாயமா? நீதானே காக்காவக் கூப்ட்ட?"

"நான் சோறுதான் வெச்சேன். தட்டி வுட்டது மாமா. புள்ள ஓடு மாத்தலயேன்னு அவருக்கே பொறுக்கல. நான் இன்னா பண்றது?"

கூட்டம் கையைத் தூக்கிக் கும்பிட்டது. சத்தியம் செய்தது அப்பாவின் மேல். வந்து தட்டியதும் அப்பா. தேவராஜ் கயிற்றை இழுத்தார்.

உடைந்த ஓடுகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. ட்ரோன் இல்லாமலே தெரிந்தன. ஒன்றை எடுத்தார், ஒன்றை வைத்தார். அப்பா எப்படி விளிம்பைச் சேர்த்துத் தட்டுவார் என்பது கைக்குத் தானாக வந்தது. கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது. மலைக்காற்று வந்தது. தூரத்தில் சாமை வயல் பச்சைப் பாயாக மடிந்து மடிந்து கிடந்தது. நெற்றியில் பொட்டோடு ட்ரோன் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அடுத்த கூடையில் ஓட்டுக்குப் பதிலாக வடையும் ஒரு சொம்பு பாயாசமும் மேலே வந்தன. முகட்டில் சாய்ந்து உட்கார்ந்து பாயாசத்தைக் குடித்தபோது, சபதம் எடுத்த மனுஷன் யாரோ எவரோ என்று அவருக்குத் தோன்றியது. கீழே யாருக்கும் அதைச் சொல்லக்கூடாது என்றும் தோன்றியது.

கடைசி ஓட்டை வைத்தபோது முதல் துளி விழுந்தது. ஏணி தானாகத் திரும்பி வந்தது.

மழை அடித்துக் கொட்டியது. அடுப்படியில் ரஞ்சிதம் பரணில் ஏறிப் புளிப்பானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து தேவராஜுக்குத் தெம்பு வந்தது.

"பாத்தியா? எல்லாம் ட்ரோனாலதான். நாளைலேர்ந்து ஊர்ல எல்லா வூட்டுக் கூரையும் இதாலயே பாத்துத் தரப்போறேன்."

அப்போது தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு மங்கம்மாள் வந்தாள்.

"தம்பி, எங்க மாமியார் இருக்கற பழைய ஓட்டு வூடு சல்லடையா ஒழுவுது. நீ வந்தாத்தான் ஆச்சு."

தேவராஜ் ரஞ்சிதத்தைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டாப் போச்சுக்கா. பேட்டரி ஏத்தினு வர்றேன்."

"அது எதுக்கு தம்பி? அது வூட்லயே கெடக்கட்டும். நீ மட்டும் வா."

ரஞ்சிதம் பரணிலிருந்தே பதில் சொன்னாள். "அடுத்த அமாவாசைக்கு அனுப்பறேன்க்கா. வடைக்கு மட்டும் ஊறப் போட்டு வெச்சிடுங்க."