ஒரு ‘டிங்’குக்கு இரண்டு பெட்டி

தாளவாத்தியக்காரர்களில் ஒரு தனி இனம் உண்டு. மற்றவர்கள் வாசிப்பதற்காக வாத்தியம் வாங்குவார்கள். இந்த இனம் வாங்குவதற்காகவே வாசிக்கும். அதைப் பார்க்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். இதை எழுதுகிறவனே அதில் முற்றிப்போன கேஸ்.

இவன் வீட்டுக்கு வந்து பாருங்கள். வாசலில் ஆப்பிரிக்க மேளமான ஜெம்பே செருப்புகளுக்குக் காவல் நிற்கும். அதைத் தாண்டினால் அரபு மேளமான தர்புகா, சோபாவில் கால் நீட்டாத குறையாக ஒரு ஜோடி பொங்கோ மேளம், சட்டை வைக்க வேண்டிய தட்டில் மராக்கஸ் என்கிற கிலுகிலுப்பைகள், கவிழ்த்தால் மழை பெய்கிற ஓசை தரும் ஒரு நீளக் குழல், அதற்கும் பின்னால், எங்கேயோ, மனைவி. இதில் உங்களுக்குப் பிடித்தது எது என்று இவனிடம் தப்பித்தவறிக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது. ஒன்றை மடியில் வைத்து, இதுதான் என் செல்லம் என்பான். அடுத்ததை எடுத்ததும், முந்தையதன் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, “உண்மையைச் சொன்னா இதுதாங்க” என்பான்.

மச்சான் ஒருநாள் வந்து, காலியாக இருந்த ஒரே இடமான மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“ஐயோ மச்சான், எந்திரிங்க! அது கஹோன். வாத்தியம்.”

“நீங்க அதுமேல உட்கார்ந்துதானே வாசிக்கிறீங்க?”

“நான் உட்கார்றது வேற.”

என்ன வேறு? இன்றுவரை இவனுக்கே தெரியாது. மச்சான் நின்றுகொண்டே காபி குடித்துவிட்டுப் போனார்.

இப்படியே போயிருந்தால் பரவாயில்லை. மகள் முதல்முறையாக மேடையில் தனியாகப் பாடப் போனாள். அப்பாவுக்குப் பெரிய வேலை இல்லை. பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் எல்லோரும் நிறுத்துவார்கள். அந்த அமைதியில் முக்கோணக் கம்பியில் ஒரு தட்டு. அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பாட வேண்டும்.

“ஒரே ஒரு ‘டிங்’தாம்பா. மறந்துடாதே.”

“யார்கிட்ட சொல்றே?” என்றான் இவன். இரண்டு பெட்டி கட்டினான்.

தன் முறை வரும்வரை தாளத்தை எண்ணிக்கொண்டு சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. இவனால் முடியுமா? கம்பி கொஞ்சம் கூர்மையாகக் கேட்குமோ என்று பித்தளை மணியை எடுத்தான். மணி கனமோ என்று வெண்கலக் கிண்ணத்துக்கு மாறினான். கிண்ணத்துக்குத் துணி சுற்றிய குச்சிதான் பொருத்தம் என்று பெட்டிக்குள் தலையை விட்டான். தலை உள்ளே இருக்கும்போது பாட்டு நின்றது.

அரங்கம் முழுக்க அமைதி. ஆகா, என்ன அருமையான அமைதி என்று ரசித்தான். அது தனக்காகத்தான் காத்திருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. நிமிர்ந்தால், மகள் இவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவன் கையில் மூன்று குச்சி. எதற்கு எது என்று தெரியவில்லை. அவள் முன்னால் திரும்பினாள். தன் இரண்டு கைகளையும் சேர்த்து ஒரே ஒரு தட்டு. கடைசி வரியை எடுத்துவிட்டாள். கூட்டம் எழுந்து நின்றது.

வீடு திரும்பும் வழியில்தான் அழுதாள். “ரெண்டு பெட்டி தூக்கிட்டு வந்தியே, ஒரு தட்டு தட்ட முடியலையாப்பா?”

இவன் வெட்கத்தில் இரண்டு பெட்டியையும் முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். திருந்தியிருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? வீட்டுக்கு வந்து, தீர யோசித்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தான்: அந்தக் கம்பியைத் தொங்கவிட நல்ல ஸ்டாண்ட் இல்லை. ஆர்டர் போட்டாயிற்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஜெம்பே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பேனாவோ, கேமராவோ, என்றைக்கோ படிக்கப்போகிற புத்தகங்களோ ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது கிடக்கட்டும். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உள்ளேயிருந்து ஒருவர் இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. நீங்களும் “ம்” என்றீர்கள். எழுந்து போய் என்னவென்று கேளுங்கள்.