தெற்கே தலை வைத்த இறக்கை

நான் எட்டாவது பெயில். இடது, வலது என்றால் இன்றும் ஒரு நொடி யோசிப்பேன் (சோறு தின்னும் கை எது என்று பார்த்துக்கொள்வேன்). ஆனால் திசை விஷயத்தில் மட்டும் யாருக்கும் சளைத்தவனில்லை என்று நினைத்திருந்தேன். அந்தத் திமிர்தான் ஒரு விமானத்தைக் கவிழ்த்தது, அது பறப்பதற்கு முன்பே.

என் மனைவியின் தம்பி முனிரத்தினம் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். சம்பளம் ஏறிய வேகத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு குட்டி விமானத்தையே பெட்டி பெட்டியாக வரவழைத்துவிட்டான். நாமே ஒட்டிக் கட்டிக்கொள்ள வேண்டிய மர விமானம். கட்ட இடம் வேண்டுமே? நகரியில் என் ஷெட்டில் இரண்டு தறியை விற்ற இடம் சும்மா கிடந்தது.

லீவு போட்டு வந்து முதல் இறக்கையை அவனே கட்டினான். நீள மேஜை, குறுக்கே விலா எலும்பு மாதிரி வளைந்த கட்டைகள், ஒரு கோந்து. காய்ந்துவிட்டால் அதைப் பிரம்மாவாலும் பிரிக்க முடியாது. நான் தினமும் ஊதுவத்தி காட்டினேன். இறக்கையின் மூக்கு (காற்றைக் கிழிக்கும் முன்விளிம்பு) கிழக்கே பார்த்தது. விமானத்தின் உடம்போடு சேரும் தடித்த முனை, அதாவது தலை, தெற்கே இருந்தது. எனக்குப் பரம திருப்தி.

அதற்குள் கம்பெனி அவனை அமெரிக்காவுக்குப் போகச் சொல்லிவிட்டது. கிளம்புமுன் இரண்டு இறக்கையையும் சேர்த்து வைத்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பெங்களூரிலிருந்து போனில் தவித்தான்.

"மாமா, கூடவே பாத்துக்கினு இருந்தியே. இன்னொண்ண நீயே கட்டிடு. படத்துல கீற மாதிரியே வை, போதும்."

படத்தை மேஜைமேல் விரித்தேன். தடித்த முனை வடக்கே இருந்தது.

வடக்கே தலையா! கைக்குழந்தையைக்கூட நாங்கள் அப்படிப் படுக்கப் போடுவதில்லை. இதில் என் மச்சான் ஆகாயத்தில் போகப் போகிறான். படம் போட்டவனுக்கு நம் சாஸ்திரம் எங்கே தெரியும் என்று அவனை மன்னித்தேன். திருமலைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டு, தலையைத் தெற்கே மாற்றி, மூக்கைக் கிழக்கே வைத்துக் கட்டி முடித்தேன். கோந்தும் காய்ந்தது.

முனிரத்தினம் வந்தான். இரண்டையும் வெளியே தூக்கிப் போய், தடித்த முனைகளை நேருக்கு நேர் வைத்தோம். ஒன்றின் மூக்கு முன்னால் பார்த்தது, மற்றது பின்னால் பார்த்தது. புரட்டிப் போட்டான். மூக்கு சரியானது; வயிறு மேலே வந்துவிட்டது. மறுபடி புரட்டினான். எனக்குத் தலை சுற்றியது.

"மாமா, ரெண்டும் இடது ரெக்கை!"

"அதெப்படி? ஒண்ண இந்தப் பக்கம், ஒண்ண அந்தப் பக்கம் வெச்சா முடிஞ்சிது?"

"ரெண்டு காலுக்கும் இடது செருப்பே போட்டுக்கினு மலை ஏறுவியா?"

"மலைக்கு நான் செருப்பே போடமாட்டேன் மச்சான்." (உண்மையைத்தான் சொன்னேன்.)

என் மனைவி கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் சிரிக்கவில்லை. மேஜையில் ஒட்டியிருந்த கோந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை.

சில வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து போன். தான் கட்டிய இறக்கையையும் மற்ற பெட்டிகளையும் கப்பலில் வரவழைத்து, வலது இறக்கையைப் புதிதாகக் கட்டி, அன்று பறந்தே விட்டானாம்.

"மாமா, வடக்கே தலை வெச்சித்தான் கட்டினேன். நல்லாத்தான் கீறேன்."

"எறங்கிட்டியா? அப்ப நாளைக்கே போயி மொட்டை போட்டுக்கினு வந்துடறேன். நீ போன அன்னிக்கே வேண்டிக்கினேன்."

நான் கட்டிய இறக்கை எங்கள் துணி துவைக்கும் கல்லுக்கு இன்றும் நிழல் தருகிறது. நான் பாயை விரிக்கும்போதெல்லாம் கோவிந்தம்மா கேட்பாள்: "இன்னிக்கு எந்தப் பக்கத்து ரெக்கை?"

நான் தெற்கே தலை வைத்துப் படுத்துவிடுவேன்.