யார் போட்ட பிரேக்?

மதிப்பிற்குரிய பெரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள் பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். காரின் முன்பக்கம் சுகம், பின்பக்கம் தேறி வருகிறது. அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் பள்ளியின் கால்பந்து அணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைப் போர்வைக்குள் டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். ஈரமாக இருக்கும் இடங்கள் கண்ணீர் அல்ல, பயப்பட வேண்டாம். போன் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. வீட்டு விஷயத்தை வெளியில் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மாமா எப்படி வெளி ஆவார் என்று நான் வாதாடலாம், ஆனால் தோல் உரிந்த பிறகு வாதாடி என்ன பயன். எனவே விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு எங்களை அழைத்துப் போக வராதீர்கள். மாடி அறையைக் காலி செய்ய வேண்டாம். உங்கள் பள்ளியில் எனக்கு இடம் கேட்டிருந்தால், கேட்டது வேறு யாருக்கோ என்று சொல்லிவிடுங்கள். அம்மா எங்கும் வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது. எப்படி என்று சொல்லாவிட்டால் நீங்கள் நம்பாமல் விசிலோடு வந்து நிற்பீர்கள், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அப்பாவின் காலடியில் இன்னொரு பிரேக். மற்றவர்கள் ஓட்டும்போது "பதறாதீங்க தம்பி, மெதுவா" என்று தேன் ஒழுகப் பேசுவார். அம்மா ஓட்டினால் மட்டும் பேச்சே வராது, பல்லிடுக்கில் குக்கர் மாதிரி உஸ்ஸென்று காற்று வரும், கால் தானாக பிரேக்கை மிதிக்கும். வீட்டில் டிவியில் யாராவது வேகமாக ஓட்டினாலும் மிதிப்பார். சோபாவுக்கு முன்னால் விரிப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் நூல் பிரிந்து கிடக்கிறது. அம்மாவோ தடுப்பூசி போடும் நர்ஸ். எது நடந்தாலும் ஊசி போட்ட குழந்தையிடம் பேசும் குரலில் "ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான், ஆயிடுச்சு" என்பாள். ஞாயிறு காலையில் ஏரிக்கும் பூங்காவுக்கும் போகிற சாலைகளில் கூட்டம் இருக்காது, அம்மாவுக்கு ஓட்டிப் பழகினது போலவும் இருக்கும், எனக்கு ஊஞ்சல் ஆடினது போலவும் இருக்கும் என்று திட்டம் போட்டவர் அப்பாதான். முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சின்ன ஏரிக்குப் போனோம். அங்கே அம்மா பின்னால் எடுக்கும்போது குப்பைத் தொட்டியை இடித்துவிட்டு, இறங்கிப் போய், அந்தக் குப்பைத் தொட்டியைத் தடவிக் கொடுத்து "ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்றாள். அடுத்தது மரங்கள் அடர்ந்த பூங்கா. அங்கே ஒரு குடும்பம் புல்தரையில் விரித்திருந்த துணியின் மேல் முன் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினாள். அவர்கள் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். அம்மா அவர்களுடைய குழந்தைக்கு மூக்கு ஒழுகுவதைப் பார்த்து வைத்தியம் சொன்னாள், பிறகு அந்த ரொட்டியில் எங்களுக்கும் பங்கு கிடைத்தது. அப்பா மட்டும் சாப்பிடாமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவரை எல்லாம் சிரிப்புதான் மாமா. போன ஞாயிறுதான் வினை வந்தது. பெரிய பூங்காவுக்குள் போகும் வழியில் ஒரு வாத்து தன் குஞ்சுகளோடு சாலையைக் கடந்தது. கார் நின்றது. வரிசையாக எல்லாம் போய் முடிந்ததும் அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நல்ல வேளை நான் மிதித்தேன் என்றார். அம்மா, நான் அல்லவா மிதித்தேன் என்றாள். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம். அம்மா காரை நடுச்சாலையில் விட்டுவிட்டு இறங்கினாள்.

"ஓட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு தடவையாவது இந்த வண்டி நான் நிறுத்தி நின்னுச்சா, நீங்க நிறுத்தி நின்னுச்சான்னு எனக்கே தெரியல. வண்டி மட்டும்னு நினைக்காதீங்க. வீட்லயும் அப்படித்தான்."

அப்பா யோசித்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொன்னது இது: "வாத்து உயிரோட இருக்குல்ல? அப்புறம் என்ன?"

அன்று மாலை அம்மா உங்களுக்குப் போன் செய்ததும், நீங்கள் வேன் கொண்டுவருகிறேன், அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னதும் எனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்கவில்லை. அம்மா துணி மடிப்பதற்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், உங்கள் குரலும் மைதானத்துக்குப் பழகிய குரல். அதற்குப் பிறகு இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். உங்கப்பாவுக்குச் சட்டையில் பட்டன் இல்லை என்று சொல், பார்த்துவிட்டேன் என்று சொல், இப்படி. நான் நடுவில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பார்த்தேன். சாப்பிட வரச் சொல் என்று அம்மா சொன்னால், நீங்கள் வராமல் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம் என்று சொன்னேன். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்ததால் அது எடுபடவில்லை. அலமாரி மேலிருந்து பெரிய பெட்டியும் கீழே வந்துவிட்டது. பாதி உடுப்பு அப்பா வீட்டில், பாதி அம்மா வீட்டில், விடுமுறைக்கு மட்டும் அப்பா என்று இருக்கும் ஒருத்தி என் வகுப்பில் இருக்கிறாள். அவள் எப்போதும் எதையாவது மற்ற வீட்டில் மறந்துவிட்டு வந்து அடி வாங்குவாள். நான் அழுதுகொண்டே, போவதற்கு முன் ஒரே ஒரு தடவை பெரிய ஏரியில் படகில் போக வேண்டும் என்று கேட்டேன். என்ன நினைத்தார்களோ, இருவரும் சரி என்றார்கள். சரி என்பதையும் என்னிடம் தனித்தனியாகத்தான் சொன்னார்கள்.

இன்று காலை அப்பா ஓட்டினார், அம்மா பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே மிதித்து ஓட்டும் படகுதான் இருந்தது. பெரியவர்கள் முன்னால் உட்கார வேண்டும், சின்னவர்கள் பின்னால் என்று படகுக்காரர் கண்டிப்பாகச் சொல்லி, திருப்பும் பிடி இருந்த பக்கம் அம்மாவை உட்கார வைத்துவிட்டார். அதனால் அப்பா வழக்கமான தன் பக்கத்தில் உட்கார்ந்தார். கேடு அதில்தான் இருந்தது. அந்தப் படகில் இருவர் மிதிகட்டைகளும் ஒரே கம்பியில் பூட்டியவை, ஒருவர் கால் நின்றால் மற்றவர் காலும் நின்றுவிடும். அம்மா மிதிப்பாள், படகு கொஞ்சம் போகும், ஓர் அலையோ வேறு படகோ ஒரு கொக்கோ கண்ணில் பட்டதும் அப்பா உஸ்ஸென்று காலை ஊன்றுவார், அம்மாவின் முழங்கால் பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். ஏரி நடுவில் நாங்கள் கடை ஜன்னலில் வைத்த பொம்மை மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். காற்று எங்களை நாணல் புதரை நோக்கித் தள்ளியது. கரையிலிருந்து படகுக்காரர் ஒலிபெருக்கியில், பச்சைப் படகு, அங்கேயே நின்று என்ன செய்கிறீர்கள் என்று ஏரிக்கே கேட்கும்படி விசாரித்தார். எனக்கு நீச்சல் தெரியாது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாத நிலையில் மூழ்கினால் யார் யாரைக் காப்பாற்றச் சொல்லி நான் தூது போவது என்று படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மிதிப்பதை நிறுத்தினாள். குனிந்து அப்பாவின் வலது காலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னங்க, காலை மேல எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க. ரெண்டையும்."

அந்த வாரத்தில் என்னை நடுவில் வைக்காமல் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்பா சாப்பாட்டுக்கு உட்காருவது போலச் சம்மணம் போட்டு, முழங்கால் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அம்மா தனியாக மிதித்தாள். முகமெல்லாம் வேர்த்தது, படகு நேராகப் போனது. துறை நெருங்க நெருங்க அப்பாவின் கால் விரல்கள் துடித்தன, கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். படகு துறையில் கட்டியிருந்த பழைய டயரை மெல்லத் தொட்டு நின்றது.

"நின்னுடுச்சா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

"நின்னுடுச்சு."

அப்பா கண்ணைத் திறந்து, மடக்கி வைத்த தன் கால்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இது நான் இல்ல," என்றார். பிறகு சின்னக் குரலில், "அந்த வாத்துக்கும் நீதான் நிறுத்தியிருப்ப போல," என்றார்.

அம்மா அவர் முழங்காலைத் தட்டி, ஊசி போடும் குரலில் ஆயிடுச்சு என்றாள். அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் படகு ஆடி, என்னைத்தான் படகுக்காரர் முதலில் பிடித்து இறக்கினார். திரும்பும்போது அம்மா ஓட்டினாள். பிரேக் இல்லாத பின்சீட்டில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்குக்குப் பதிலாக என் கையை அழுத்திக்கொண்டே வந்தார். கை வீங்கியிருக்கிறது. பரவாயில்லை, இந்த வீக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெட்டி திரும்பவும் அலமாரி மேல் ஏறிவிட்டது. வேன் வரை பேசிவிட்ட அண்ணனிடம் எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது என்று அம்மா படுக்கும் வரை போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அதனால்தான் நான் எழுதினேன். தயவுசெய்து வராதீர்கள். அப்பாவிடம் எதுவும் கேட்காதீர்கள்.

ஏதோ கதவு திறக்கும் சத்தம். அத்தைக்கு என் அன்பு. தங்கள் ஆசியும், மேற்படி விஷயத்தில் தங்கள் மௌனமும் வேண்டி நிற்கும்,

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். மாடி அறையைக் காலி செய்யுங்கள், பெரிய கட்டிலாகப் போடுங்கள். அம்மா உங்கள் வீட்டுக்கு வருகிறாள். கூடவே அப்பாவும் நானும். இருவரும் சமையலறையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, உங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை ஏரி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். விடிந்ததும் கிளம்புகிறோமாம். வழி முழுக்க அம்மாதான் ஓட்டப் போகிறாள். "அண்ணன் வீட்டு வாசல்ல நானே கொண்டுபோய் நிறுத்துவேன்" என்று சொல்கிறாள். எங்களுக்குப் பிறகு இந்தக் கடிதம் வந்தால் தபால்காரரிடம் நீங்களே வாங்கி ஒளித்துவிடுங்கள். முன்னால் வந்தால், மாமா, எங்களை வரவேற்க வாசலில் வந்து நிற்காதீர்கள். அத்தையையும் உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள்.