வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியம்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். உப்பளத்தில் உப்பு வாரும் பலகையை இழுத்துப் பழகிய கை, பேனாவை அழுத்திப் பிடித்தால் தாள் கிழிகிறது. எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பதைச் சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். (ன, ண பற்றிக் கேட்கவே வேண்டாம்.) தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வாக்கியம் எழுதச் சொன்னால், அது நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டியதில்லை என்று நாற்பத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது.

மரக்காணத்தில் மழைக்காலம் வந்தால் உப்புப் பாத்திகள் தண்ணீரில் முழுகிவிடும். பொங்கல் முடிந்து வெயில் ஏறும்வரை எங்களுக்கு வேலை இல்லை. அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் என் மனைவி செல்வி, பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பில் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

“டிவி முன்னாடி கெடக்கறதுக்கு, அங்க வந்து பெஞ்சுல கெடங்க.”

வகுப்பில் இருபது பெண்கள், ஆண்பிள்ளை நான் ஒருவன். வகுப்பு நடந்த மூன்று மாதமும் நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் வானூரிலிருந்து பஸ்ஸில் வரும் சின்னப் பெண். ஒருநாள் ‘போலியான’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். “உண்மை இல்லாதது, ஜோடிச்சது. இதை வச்சு உங்க அன்றாட வாழ்க்கையில இருந்து அஞ்சு வாக்கியம் எழுதிட்டு வாங்க.”

மற்றவர்கள் புத்திசாலிகள். ‘போலியான மருந்தை வாங்காதே’, ‘போலியான நண்பனை நம்பாதே’ என்று ஊருக்குப் புத்தி சொல்லி முடித்துவிட்டார்கள். நான் இரண்டு நாள் யோசித்தேன். நடக்காததை எழுதினால் என் வாக்கியமே போலியாகிவிடுமே என்று பயந்து, நடந்ததை மட்டும் எழுதினேன்.

இங்கே எங்கள் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதை முடிவு செய்பவர் அவர். நல்ல மனிதர், ஆனால் ஜோக் சொல்வார். பதினான்கு வருஷமாக ஒரே ஜோக்.

“உப்பு விக்கிறவன் வீட்டுக் குழம்புல உப்பே இல்லையாம். ஏன்னு கேளு.”

“ஏன் மேஸ்திரி?”

“பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டா. குழம்பே இல்ல.”

உடனே பன்னிரண்டு பேரும் பலகையைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து சிரிப்போம். விடியலிலிருந்து குனிந்தே உப்பு வாரும் முதுகுக்கு அந்தச் சிரிப்புதான் ஓய்வு. எவ்வளவு நேரம் சிரிக்கிறோமோ அவ்வளவு நேரம் உட்காரலாம். பழனி கண்ணீரே விடுவான். (அவனுக்கு இடுப்புவலி.)

வகுப்பு முடிகிற நாளில் விழா வைத்தார்கள். நாற்காலி கொடுத்து உதவியதால் மேஸ்திரி முதல் வரிசையில், கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க எங்கள் ஆட்களும் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். டீச்சர் என் நோட்டோடு என்னிடம் வந்தார்.

“மத்தவங்க எல்லாம் புத்தகத்துல இருந்து எழுதிட்டாங்கண்ணா. நீங்கதான் வாழ்க்கையில இருந்து எழுதியிருக்கீங்க. நீங்களே படிங்க.”

முடியாது என்று சொல்லவும் வாயைத் திறக்க வேண்டும். அதற்குப் படிப்பதே மேல் என்று எழுந்தேன். தலையைத் தூக்காமல் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“ஒன்று. என் கைக்கடிகாரம் போலியானது.” கைதட்டினார்கள்.

“இரண்டு. ‘இன்னும் ரெண்டு நாள் இருங்க’ என்று மாமியாரிடம் நான் சொல்வது போலியான உபசாரம்.” எல்லாரும் சிரித்தார்கள், செல்வியைத் தவிர.

“மூன்று. போன வருடம் நான் லீவு எடுத்தது போலியான காய்ச்சலுக்கு.” முதல் வரிசையில் ஒரு நாற்காலி முனகியது.

நான்காவது வாக்கியம் என்ன என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் டீச்சர் பக்கத்தில் நின்று வரிக்கு அடியில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ இல்லாததை உடனே ஜோடிக்க வராது.

“நான்கு. எங்கள் மேஸ்திரி ஜோக் சொல்லும்போது நான் சிரிப்பது போலியான சிரிப்பு.”

நான் நோட்டை மூடினேன்.

“இன்னும் ஒண்ணு இருக்குதேண்ணா,” என்று டீச்சர் திறந்து கொடுத்தார்.

“ஐந்து. மற்ற பதினோரு பேரும் சிரிப்பது அதைவிடப் போலியானது.”

“டேய் ஏழுமலை, உக்கார்றா,” என்றது பின்னாலிருந்து பழனியின் குரல்.

மேஸ்திரி இரண்டே இரண்டு முறை கைதட்டினார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அன்று வீட்டில் செல்வி சொன்னாள். “எங்கம்மாவச் சொன்னதக்கூட வுட்டுடறேன். பொங்கலுக்கு அப்புறம் உங்கள வேலைக்குக் கூப்புடுவாரா? உங்கள மட்டுமா மாட்டிவுட்டீங்க, பதினோரு குடும்பத்தையும் இல்ல இழுத்துவுட்டீங்க.”

பொங்கல் முடிந்தது. பதினோரு பேரும் தினம் ஒருவராக வந்து என் வாசலில் நின்று முறைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மேஸ்திரி எல்லாரையும் கூப்பிட்டார். என்னையும்தான்.

ஆனால் ஜோக்கை நிறுத்திவிட்டார்.

வரப்பில் குடையோடு நிற்பார், பார்ப்பார், அவ்வளவுதான். ஜோக் இல்லை, சிரிப்பு இல்லை, உட்காரவும் வழியில்லை. நான்காவது வாரம் பழனி என்னிடம் வந்தான். “ஏம்பா, எழுதினது நீ. போய்க் கேக்கறதும் நீதான். என் இடுப்பு போச்சு.”

போனேன். வாழ்க்கையில் நானாகப் போய்ப் பேசியது அன்று ஒருநாள்தான்.

“மேஸ்திரி, அந்தக் குழம்பு ஜோக்கு ஒருவாட்டி சொல்லுங்க.”

“எதுக்கு? நீதான் பிடிக்கலன்னு மைக் இல்லாமலே ஊருக்குச் சொல்லிட்டியே.”

“பிடிக்கலதான் மேஸ்திரி. ஆனா நீங்க சொன்னாதான் நாங்க உக்கார முடியும்.”

அவர் குடையைச் சாய்த்து என்னையே பார்த்தார். பிறகு, வரிசையாகக் குனிந்திருந்த பதினோரு முதுகுகளையும் பார்த்தார்.

“பதினாலு வருஷமா உக்காரத்தான் சிரிச்சீங்களா?”

“ஆமாங்க.”

“வாயத் தொறந்து கேட்டிருந்தா உடமாட்டேனா?”

அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து காலையில் ஒன்று, வெயில் ஏறியபின் ஒன்று என இரண்டு முறை மேஸ்திரி விசில் ஊதி, “போலி” என்று கத்துவார். எல்லாரும் உட்காரலாம், சிரிக்க வேண்டாம். எங்கள் உப்பளத்தில் ஓய்வுக்குப் பெயரே அதுதான். புதிதாக வருபவர்கள் ஏனென்று கேட்டால், பழனி என்னைக் கைகாட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறான். வீட்டிலும் நான் கட்டிலில் சாய்ந்தால், “உங்கப்பாவுக்குப் போலி வுட்டாச்சு” என்று செல்வி பிள்ளைகளிடம் சொல்கிறாள்.

உட்கார முடியாதவன் நான் ஒருவன்தான். அந்த நேரத்தில் நான் மேஸ்திரிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவர் போனில் பார்த்துப் புதிது புதிதாக ஜோக் சொல்கிறார். ஒவ்வொன்றாகக் கேட்டு, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவர் நம்புவதில்லை. இன்று மூன்று கேட்டேன். மூன்றும் சரியில்லை.

பங்குனி 24, செவ்வாய்க்கிழமை.