மாமனாருக்குப் பிடித்த ஆம்ப்ளிஃபயர்

"ஏங்க, இந்தப் பெட்டி பாடுமா, இல்ல நம்மள வேக வைக்குமா?" என்றாள் மனைவி, கழுத்தைத் துண்டால் துடைத்தபடி.

"வால்வு ஆம்ப்ளிஃபயர்னா அப்படித்தான். சூடு ஏறினாத்தான் பாடும்," என்றார் நம்மவர்.

"உங்கள மாதிரியே."

நம்மவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டே பழகியவர். யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி தானும் ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு வருஷம் பற்றவைப்புக் கம்பியோடு மல்லுக்கட்டி இதை முடித்திருந்தார். கண்ணாடி வால்வுகள் செக்கச்செவேல் என்று எரிவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஏசி இல்லாத கூடம், கோடை மத்தியானம், போதாக்குறைக்கு மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள்.

மாமனார் லேசில் எதையும் பாராட்டிவிட மாட்டார். கல்யாணமான நாள்முதல் மாப்பிள்ளைக்கு அவரிடமிருந்து கிடைத்ததெல்லாம் ஒரு "ம்"தான். இன்றைக்கு அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையை வாங்காமல் விடுவதில்லை என்று நம்மவர் கங்கணம் கட்டியிருந்தார். வேர்த்து வழிகிற மனிதர் எங்கே பாராட்டப்போகிறார் என்பதுதான் கவலை.

மேலே தொங்கும் ஃபேனைப் போட்டால் அதன் கடகடப்பு பாட்டுக்குள் புகுந்துவிடும். எனவே ஜன்னலைத் திறந்தார். எதிர்ப் பட்டறையில் அந்த நேரம் பார்த்து இரும்பு அறுக்க ஆரம்பித்தார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தமில்லாத மேஜை ஃபேன் ஒன்றைத் தேடியெடுத்து ஆம்ப்ளிஃபயரைப் பார்க்க வைத்தார். பெட்டியின் அனல் மொத்தமும் நேராக மாமியார் முகத்தில் போய் அடித்தது. மாமியார் கைக்கு எட்டிய இசைத்தட்டு உறையை எடுத்து விசிறிக்கொண்டார்.

"அத்தை, அது பழைய உறை. கிழிஞ்சிடும்."

"நான் மயங்கி விழுந்தா பரவாயில்லையா, மாப்ள?"

மாமனார் மட்டும் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மாப்ள, அந்த ஃபேனை அந்தப் பக்கம் திருப்புங்க," என்றார் கண்ணைத் திறக்காமலே.

நம்மவர் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "பாத்தியா? இந்த ஃபேன் சத்தங்கூட அவருக்குப் பொறுக்கல. காதுன்னா அதுதான்."

"ஒண்ணு அந்தப் பெட்டி கூடத்துல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்றாள் அவள்.

வேறு வழியில்லை. துணியைச் சுற்றிப் பிடித்தும் விரல் சுட, பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்தார். ஸ்பீக்கர்களைக் கூடத்திலேயே விட்டுவிட்டு ஒயர்களை நீட்டினார். ஒரு ஒயர் எட்டவில்லை. ஒரு ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு மாமனார் என்ன சொல்வாரோ என்று பதறிப்போய்த் திரும்பினால், கூடத்தில் நாற்காலியையே காணோம்.

மாமனார் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்ப் பெட்டிக்கு அருகே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பாட்டு அங்க கூடத்துல கேக்குது."

"இருக்கட்டும் மாப்ள. எனக்கு இங்கதான் சுகமா இருக்கு." காலைப் பெட்டிப் பக்கம் இன்னும் நீட்டிக்கொண்டு அவரே சொன்னார். "அருமையா செஞ்சிருக்கீங்க."

செய்த பொருளைப் பிரிய மனமில்லாத ரசிகர் யாருக்குக் கிடைப்பார்? நம்மவர் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். ஓட்டமும் நடையுமாகக் கூடத்துக்கு வந்தார்.

"கேட்டியா? அருமையாம்."

"ஒரு ஸ்பீக்கர் பாடவே இல்லைங்க."

"ரசனை உள்ளவருக்கு ஒண்ணு போதும்."

புறப்படும்போது மாமனார் மாப்பிள்ளையின் தோளைத் தட்டிவிட்டு முன்னால் படியிறங்கினார். மாமியார் மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

"மாப்ள, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பெட்டியை ஒரு வாரத்துக்குக் குடுத்தனுப்புங்களேன். ஸ்பீக்கரெல்லாம் வேணாம். இவரு முட்டிவலிக்கு ஒத்தடம் குடுத்தே என் கை ஓஞ்சுபோச்சு. எந்த வைத்தியத்துக்கும் அடங்காத வலி, அது பக்கத்துல காலை நீட்டினா அப்படியே அடங்குதாம்."