பன்னிரண்டு அடி ட்யூப்

பீப்பாயின் டேப்பைத் திறந்ததும் கண்ணாடித் தம்ளரில் விழுந்தது பீர் இல்லை, நுரை. அடியில் ஒரு விரல் உயரத்துக்குத்தான் பீர். மேலே முழுக்க ஷேவிங் கிரீம். வெண்டெல் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. பன்னிரண்டுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

மகள் பிரிட்டாவின் கல்யாணத்தில் தன் கையால் காய்ச்சிய பீர்தான் என்று ஷெபாய்கன் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். "ருசி பார்த்துட்டு முடிவு பண்ணலாமே," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார் மாப்பிள்ளையின் அப்பா ஐனர். பீர்ப் போட்டிகளில் நடுவராக உட்காருகிறவர். அவர் நாக்கில் தேறுவது லேசில்லை.

"அழுத்தம் ஜாஸ்தி, அதான்," என்று முணுமுணுத்தபடி வெண்டெல் பீரைத் தள்ளும் கேஸின் அழுத்த முள்ளைப் பன்னிரண்டு பவுண்டிலிருந்து நாலுக்கு இறக்கினார். இப்போது நுரை துப்பித் துப்பி வந்தது.

மனைவி டோரீன் ஜாடியோடு கராஜுக்குள் வந்தாள். "தரையில கொட்டாதீங்க. இதுல ஊத்துங்க."

"நுரையை வெச்சு என்ன பண்ணப்போற?"

"அடங்கினா பீர்தானே? சாஸேஜ் வேகவைக்க ஆகும்."

சாஸேஜுக்கு! மூணு வார உழைப்பு. வெண்டெல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

முப்பது வருஷம் ஊருக்குக் குழாய் போட்டவர் அவர். அந்த அனுபவம் ஒன்றைச் சொன்னது: வழி குறைந்தால் தொல்லை குறையும். முள்ளை மறுபடி பன்னிரண்டுக்கு ஏற்றி, பீப்பாயிலிருந்து டேப்புக்குப் போகும் அஞ்சடி ட்யூபை வெட்டி ரெண்டடி ஆக்கினார். டேப்பைத் திறந்ததும் நுரை அவர் மூக்குக் கண்ணாடிவரை வந்தது. டோரீன் ஜாடியை நீட்டினாள்.

வேறு வழியில்லாமல் பீர்ச் சாமான் கடைக்குப் போன் போட்டார்.

"ட்யூப் எத்தனை அடி சார்?" என்றான் கடைக்காரன்.

"ரெண்டு."

கடைக்காரன் சிரித்துவிட்டான். "பன்னிரண்டு அடியாவது வேணும் சார். நீளமான ட்யூப்ல உரசி உரசி வந்தாத்தான் வேகம் அடங்கும். இல்லேன்னா நுரைதான். குழாயைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க பண்ற தப்பு இது. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பல் டாக்டர்," என்றார் வெண்டெல்.

போனை வைத்தபோது காது சுட்டது. அவ்வளவு நீள ட்யூபை வாங்கிவர நேரமில்லை; வெட்டிய துண்டை ஒட்டுப்போட்டு மறுபடி அஞ்சடி ஆக்கினார். நீளத்தில் குறைவதை அழுத்தத்தில் ஈடுகட்டிவிடலாம் என்று முள்ளை முப்பதுக்கு ஏற்றினார். ஒட்டு பிய்த்துக்கொண்டது. ட்யூப் துள்ளித் துள்ளி ஆடி, பீப்பாயில் மிச்சமிருந்ததையெல்லாம் காரின் மேல் பீய்ச்சிவிட்டு ஓய்ந்தது.

மணி பதினொன்றரை. வெண்டெல் தெருமுனைக் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே விலை உயர்ந்த பீர் ஆறு பாட்டில் வாங்கிவந்து, கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு தம்ளர்களில் ஊற்றினார். சொந்த மகளின் கல்யாணத்துக்குத் திருட்டுத்தனமா என்று நினைக்கும்போதே அவமானமாக இருந்தது. டோரீன் வந்து பாட்டில்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சரியாகப் பன்னிரண்டுக்கு ஐனரும் அவர் மனைவி மார்லிஸும் வந்தார்கள். சமையல்கட்டு வழியாக வரும்போதே டோரீன் அடுப்பருகே வைத்திருந்த ஜாடி மார்லிஸ் கண்ணில் பட்டுவிட்டது. நுரை சுத்தமாக அடங்கி, உள்ளே பொன்னிறமாக நின்றது.

"இதுதான் உங்க பீரா அண்ணா?"

அந்த வழிசலைப் போய்த் தன்னுடையது என்று எப்படிச் சொல்வது? "அய்யய்யோ, அது கடையில வாங்கினதுமா! சாஸேஜுக்கு! நம்ம சரக்கு இங்க இருக்கு," என்று வெண்டெல் தம்ளரை ஐனரிடம் நீட்டினார்.

ஐனர் முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. வாயில வெச்ச உடனே தெரியுது, வீட்ல காய்ச்சினதுன்னு."

"அ... அப்படியா?"

"அவசரம் தெரியுது. பழகாத கை தெரியுது. ஆசையா பண்ணியிருக்கீங்க, இல்லேங்கல. ஆனா கல்யாணத்துக்குக் கடையிலயே வாங்கிடுவோமே?"

உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன், சொல்லாவிட்டால் கையாலாகாதவன். டோரீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தரைக்குள்ளேயே போய்விட்டால் தேவலை என்றிருந்தது வெண்டெலுக்கு.

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து மார்லிஸ் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தாள், கையில் காலி ஜாடியோடு.

"ஏங்க, கல்யாணத்துக்கு இதையே வாங்கிடலாங்க, எந்தக் கடைன்னு மட்டும் அண்ணாகிட்ட கேளுங்க!"