சில்வியாவின் வானிலை அறிக்கை

சேரப்பணஞ்சேரி,
2-12-1991.

மதிப்பிற்குரிய ஆசீர்வாதம் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை கிரேசியின் கணவன் கிறிஸ்துதாஸ் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. வேலூரில் தாங்களும் வீட்டாரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இருவரும் ஜெபிக்கிறோம். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இந்த மாதம் மை வரவில்லை.

தாங்கள் அனுப்பிய கவர் கிடைத்தது. உள்ளே நாலு வரிக் கடிதமும் நாலு பக்க விண்ணப்பமும் இருந்தன. எங்கள் மகள் சில்வியாவை, இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில் சேர்த்துவிட்டால் 'நீங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் எந்த ஊரிலும் வீடு கிடைக்கும்' என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். விண்ணப்பத்தை மூன்று முறை படித்தேன். நாலாவது கேள்வி, 'பெற்றோர் வருடத்தில் எத்தனை முறை பார்க்க வருவீர்கள்?' பதில் எழுத விட்டிருக்கும் கட்டத்தில் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கிறது. எட்டு வயதுப் பெண்ணுக்கு ஓர் இலக்கம் போதும் என்று அவர்கள் அனுபவத்தில் கண்டிருப்பார்கள். பதில் எழுத இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்று தாங்கள் மூன்று முறை தொண்டையைச் செருமிக்கொள்வது எனக்கு இங்கே கேட்கிறது. தாங்கள் மூன்று முறை செருமினால் அடுத்து வருவது முக்கியமான பேச்சு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எங்கள் ஸ்பிரிங் கம்பெனி அம்பத்தூரில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரகடம் பக்கம் பொட்டல்காட்டில் போய் உட்கார்ந்ததும், வேலை வேண்டுமென்றால் பின்னாலேயே வா என்று நோட்டீஸ் ஒட்டியதும் தங்களுக்குத் தெரியும். முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் வீடு வேண்டும். மெட்ராஸ் டாக்டர் அம்மாவிடம் யோசனை கேட்டேன். சில்வியாவுக்கு இருப்பது ஆட்டிசம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். "அவளுக்கு இடம் மாறினா உலகமே மாறின மாதிரி, நல்லா யோசிச்சு தேர்ந்தெடுங்க" என்றார். நல்லா யோசித்தோம். தண்ணீர், பஸ், மாதாகோவில், மளிகைக்கடை, வீட்டுக்காரர் குணம் எல்லாவற்றையும் யோசித்தோம். ஆனால் வீடு பார்க்கப் போன போதெல்லாம் சில்வியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனோம். அவளைக் காட்டினால் வீடு போய்விடும் என்று பயம்.

முதல் வீடு ஸ்ரீபெரும்புதூரில், பாண்டுரங்கன் என்பவருடையது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்கே புதிதாகக் குடிவருகிறவர்களைப் பற்றி போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். அவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து என் தாத்தா பெயர் வரை கேட்டு எழுதினார். குழந்தைக்கு என்ன என்று கேட்டார். உண்மையைச் சொல்லி டாக்டர் சீட்டையும் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது ஒட்டுமா சார்?" என்றார். ஒட்டாது என்றேன். "ஒட்டாததுக்கு எதுக்கு சார் இங்கிலீஷ்ல பேரு வெக்கிறாங்க?" என்று நோட்டை மூடிவிட்டார். இரண்டாவது சுங்குவார்சத்திரத்தில், ஒரு டீக்கடைக்கு மேல் மாடி. இந்த முறை பாதி உண்மை போதும் என்று, கொஞ்சம் பிடிவாதக்காரப் பிள்ளை என்று மட்டும் சொல்லிக் குடிபோனோம். நாலாம் நாள் விடியற்காலை சில்வியா கீழே இறங்கி, கடைக் கண்ணாடி கிளாஸ் அத்தனையையும் படியோரமாக ஒரே நேர்கோட்டில் அடுக்கிவிட்டாள். ஒன்றைத் தொட்டாலும் அலறினாள். ஆறு மணி பஸ்ஸுக்கு நின்ற ஜனங்கள் டீ குடிக்காமலே ஏறிப் போனார்கள். கடைக்காரர் கோபப்படக்கூட இல்லை. "பிடிவாதம் எங்க வூட்லயும் கீது சார். இது வேற" என்றார். டாக்டர் அம்மாவுக்கு ஆறு மாதம் பிடித்ததை அவர் நாலு நாளில் கண்டுபிடித்துவிட்டார். அன்று மாலையே காலி செய்தோம்.

மூன்றாவது இந்த வீடு. சொந்தக்காரி முனியம்மாள், புருஷனை இழந்தவர், இரண்டு எருமை வைத்திருக்கிறார். வூட்ல எத்தினி பேர் என்று கேட்டார். அப்போது என் வாயிலிருந்து வந்தது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது மச்சான். "ஒரு பொண்ணும்மா, வாய் பேசாது" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாளின் முகம் அப்படியே இளகிவிட்டது. "அட பாவமே. எங்க அண்ணிக்குத் தங்கச்சியும் அப்டிதான். நல்லா தங்கமா இருப்பா. இர்ந்துட்டுப் போங்க" என்று சாவியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். முழு உண்மைக்கு வீடே இல்லை, பாதி உண்மைக்கு நாலு நாள் வீடு, முழுப் பொய்க்குக் கிணற்றோடு வீடு. ஞாயிறு பள்ளியில் பத்து வருஷம் பாடம் எடுத்தவன் இதை எழுதுகிறேன்.

பொய் சொன்னது பெரிதில்லை, அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. சில்வியா தானாக எதுவும் கேட்டுப் பேசமாட்டாள், ஆனால் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லுவாள், சொன்னவர் குரலிலேயே, எங்கே மூச்சு வாங்கினார், எங்கே இருமினார் என்பது உட்பட. அதிலும் ரேடியோ என்றால் உயிர். ஆகவே ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டோம். அவளோ இடம் மாறிய அதிர்ச்சியில் பதினெட்டு நாள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அறை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் பொய்யை அவளே மெய்யாக்கிக் கொடுத்தாள். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் தண்ணீர் சேந்திக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் போய் நின்று சில்வியா கணீரென்று ஆரம்பித்தாள். "தென்மேற்கு வங்கக் கடலில் உருவாகியுள்ள குறைந்த காற்றழுத்தத் தாழ்வு நிலை காரணமாக அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் கடலோர மாவட்டங்களில் பலத்த மழை பெய்யக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." முனியம்மாள் குடத்தைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டார். ஊமைப் பெண் பேசிவிட்டது, அதுவும் இலக்கணத் தமிழில் பேசிவிட்டது. அந்த அறிக்கை எண்பத்தொன்பதாம் வருஷத்தது, மின்சாரம் போய் பேட்டரி போட்டுக் கேட்டோம், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் மறுநாள் மழை கொட்டியது. நவம்பர் மாதத்தில் மழை பெய்யும் என்று எந்த எருமையும் சொல்லும். ஊர் அப்படி நினைக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று இவளைக் கேட்டுப்போக ஒருவர் சைக்கிளில் வந்தார்.

அன்று முதல் வாசலில் கூட்டம். வெள்ளிக்கிழமை நடந்ததால் இது மாரியம்மன் செயல் என்று பூசாரி வந்தார். கிறிஸ்தவப் பிள்ளை என்பதால் இது தம் உபவாச ஜெபத்தின் பலன் என்று ஜெபவீட்டுப் போதகர் வந்தார். இத்தனைக்கும் அவர் அதற்கு முன் எங்களைப் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் அவள் தலையில் கை வைத்தார்கள். தலையைத் தொட்டால் அவளுக்குத் தீப்பட்ட மாதிரி. மதபேதம் பார்க்காமல் இரண்டு கையையும் கடித்துவிட்டாள். அசுத்த ஆவி வெளியேறும் அடையாளம் என்றார் போதகர். அம்மன் உக்கிரமாக இருக்கிறாள், எலுமிச்சம்பழம் கொண்டுவாருங்கள் என்றார் பூசாரி. தொடாதீர்கள் ஐயா என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. உண்மையைச் சொன்னால் வீடு போய்விடும். சொல்லாவிட்டால் அற்புதம் நிற்காது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வீட்டில் நிஜமான ஊமை அப்போது நான் ஒருவன்தான்.

இதோடு போயிருக்கலாம். முனியம்மாளின் தம்பி எல்லப்பனுக்குக் கம்பெனி மதிலை ஒட்டி இரண்டு ஏக்கர் நிலம். எங்கள் கம்பெனி லாரி திரும்புவதற்கு அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர் தேங்காய் பழத்தோடு வந்து, "கண்ணு, நெலத்த இப்ப குட்த்துடட்டுமா, கொஞ்ச நாள் வெச்சிருக்கட்டுமா?" என்று கேட்டார். இவள் சுவரைப் பார்த்தபடியே, எப்போதோ ரேடியோவில் கேட்ட சந்தை நிலவரத்தை ஒப்பித்தாள். நல்லெண்ணெய் ஏறுமுகம், துவரம்பருப்பு ஏறுமுகம், வெல்லத்தில் மாற்றமில்லை. எல்லப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய், நிலம் கொடுப்பதற்கில்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார். யார் சொல்லி இப்படி என்று கேட்டதற்கு என் மகள் பெயரைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பர்சனல் ஆபீசர் கோதண்டராமன் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு கம்பெனிக்கு எதிரா ஜனங்களைத் தூண்டி விடுதாமே?"

"சார், அவளுக்குப் பேச வராது சார்."

"பேச வராதவ எப்படிய்யா வெல்லம் வெல சொல்றா?"

மெமோ கொடுத்துவிட்டார். என் மகளுக்குப் பேச்சு வருமா வராதா என்று மூன்றாம் தேதிக்குள், அதாவது நாளைக்குள், எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும். பதினாறு வருஷம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்துவிட்டேன், ஒரு துண்டு மெமோ வாங்கியதில்லை. 'வராது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இத்தனையும் சிரிக்க வைக்கும் கதைதான் மச்சான். தங்கள் வீட்டில் படித்துக் காட்டினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் சில்வியா நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. வாசலில் ஆள் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். நேற்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள், நெற்றி பிளந்து ரத்தம் வந்தது. நான் இடையில் என் கையை வைத்தேன், என் கைமேலேயே மோதினாள். கிரேசி அழவில்லை, அழுதாலாவது தேவலாம் போல இருந்தது. எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் அவளை நாங்கள் இப்படித்தான் ஆக்கி வைப்போம் போலிருக்கிறது. எனக்குத் தெம்பு போய்விட்டது. தாங்கள் சொன்னதே சரி. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, நாலாவது கேள்விக்கு 6 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தாங்களே வந்து அவளை அழைத்துப் போகவும். அவளுடைய நீலத் தட்டைக் கட்டாயம் கொடுத்தனுப்புகிறேன், வேறு தட்டில் சாப்பிடமாட்டாள்.

கர்த்தர் தங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். கிறிஸ்மஸுக்குப் பலகாரம் அனுப்ப இந்த வருஷம் தோதுப்படாது, மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
கிறிஸ்துதாஸ்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன், கிரேசிக்கு ஒரு முறை கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆசீர்வாதம் மச்சான் என்று தங்கள் பெயரை நான் படித்ததும் கட்டிலுக்கடியிலிருந்து மூன்று முறை தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மச்சான் எப்போது வந்தார் என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு தத்ரூபம். பிறகு தங்கள் குரலில் பேச்சு வந்தது. "கிரேசி, நான் சொல்றத கேளு. இதுக்கு ஒண்ணும் புரியாது. எங்க வுட்டாலும் ஒண்ணுதான். நாலு நாள் அழும், அப்பறம் மறந்துடும். தாஸு கிட்ட நான் பேசிக்கிறேன்." அடுத்தது கிரேசியின் குரல். "மெல்ல பேசுண்ணா, அவ கேக்குறா." மறுபடி தங்கள் குரல். "கேட்டா இன்னா, புரியவா போவுது." கிரேசி தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். போன கிறிஸ்மஸுக்குத் தாங்கள் அம்பத்தூர் வந்தபோது பேசியதாம், கிரேசியே சொன்னாள், நான் இரண்டாவது ஷிப்டில் இருந்தேனாம். தங்கள் தங்கை ஒரு வருஷம் என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாள். மகளும் ஒரு வருஷம் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

ஒன்று இல்லை மச்சான். எங்கே விட்டாலும் ஒன்று இல்லை. விண்ணப்பத்தை எடுத்துவிட்டேன், கவரில் தேடவேண்டாம். மெமோவுக்குப் பதிலை மாற்றி, 'என் மகளுக்குப் பேச வரும், நான்தான் பொய் சொன்னேன்' என்று எழுதிவிட்டேன். முனியம்மாளிடமும் இப்போதே போய்ச் சொல்லப்போகிறேன். காலி செய்யச் சொன்னால் செய்வோம். அடுத்த வீட்டைச் சில்வியாவையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் பார்ப்போம். வாசலில் நின்று வானிலை அறிக்கையை முழுக்கப் படிக்கட்டும், கேட்டுவிட்டுக் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். சனிக்கிழமை தாங்கள் வருவதில் ஆட்சேபணை இல்லை. வந்தால் அவள் எதிரில் மட்டும் பார்த்துப் பேசவும்.